கடன் சொல்லிக் கடை வைத்த நாராயண பிள்ளை

"சிங்கப்பூர், மலேசியாத் தமிழர்களா? எல்லாம் வெள்ளைக்காரன் கூலிக்குக் கப்பல்ல ஏத்திட்டுப் போன சனம்தானேங்க..."

இந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆபீஸ் கேன்டீனில் கேட்டிருக்கேன், ரயிலில் எதிர் சீட்டு அண்ணாச்சி சொல்லிக் கேட்டிருக்கேன், வரலாறு தெரிந்தவர் என்று நாலு பேர் நம்புகிற ஆசாமி மேடையில் சொல்லியும் கேட்டிருக்கேன். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கரும்பு, காபி, ரப்பர் தோட்டங்களில் நம் மக்கள் பட்ட பாடு பொய்யும் இல்லை. ஆனா அது கதையின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் கையில் சம்மட்டியோ வெட்டுக்கத்தியோ இல்லாமல், நாணயத்தைச் சுண்டிப் பார்த்து நல்லதா கள்ளதா என்று சொல்லத் தெரிந்த ஒரு மனுஷன் வர்றார். அவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

காயல்பட்டினத்துக்காரனான எனக்கு அந்த வாக்கியம் கூடுதலாக உறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊரில் வியாபாரத்துக்காகக் கடல் கடப்பதற்குத் தனியாக ஒரு சொல்லே இருக்கு. 'சபர் போறது'. போகிறவர் சபராளி. கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் துணியோ கல்லோ (மாணிக்கக் கல்லைச் சொல்றேன், ஜல்லி இல்லை) விற்கப் போய், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து போகும் ஆண்கள் இல்லாத தெருவே எங்கள் ஊரில் கிடையாது. பக்கத்தில் இருக்கும் பழையகாயல், பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து பார்த்து, அரபுக் குதிரைகள் வந்து இறங்கும் துறை என்று எழுதி வைத்த இடம். அதனால் கப்பலேறுவது என்றால் கூலிக்குத்தான் என்று யாராவது சொன்னால் எங்கள் மண்டையில் அது சுலபமாக ஏறாது.

சரி, கதைக்கு வருவோம்.

முதலில் பினாங்கு

சிங்கப்பூருக்கு முன்னால் பினாங்கு. 1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பினாங்குத் தீவைப் பிடித்தார். அதற்கு வெகு முன்பிருந்தே நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை பக்கத்து வியாபாரிகள் கெடாவுக்கும் மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் போய் வந்துகொண்டிருந்தார்கள். கொண்டுபோனது பெரும்பாலும் பருத்தித் துணி. நம்ம கரையில் நெய்த துணிக்கு அந்தப் பக்கம் அப்படி ஒரு கிராக்கி. வெள்ளைக்காரர்களின் பழைய ஏடுகளில் 'சூலியா' என்று வருவது இவர்களைத்தான். முக்கியமாகத் தமிழ் முஸ்லிம்களை. பினாங்கில் இன்றும் சூலியா ஸ்ட்ரீட் இருக்கு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கு, 1801-லேயே ஆரம்பித்தது.

தமிழுக்கு அந்தக் கடல் பக்கம் எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு ஒரே ஒரு சாட்சி. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று கொண்டாடப்படும் முன்ஷி அப்துல்லா, 1796-ல் மலாக்காவில் பிறந்தவர். சின்ன வயதில் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார்கள். ஏன்னா மலாக்காவில் கணக்கு எழுதவும் வியாபாரம் பேசவும் தமிழ் தேவைப்பட்டது. இன்றைக்கு நம்ம பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்துக்கு விரட்டுகிறோமே, அந்த மாதிரி!

இந்தப் பினாங்கில் இருந்த தமிழர்களில் ஒருவர்தான் நாராயண பிள்ளை. ஆங்கில ஏடுகளில் 'நரைனா பிள்ளை'. பிள்ளை என்ற பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு திருநெல்வேலியா தஞ்சாவூரா என்று நாம் சட்டையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் பதிவுகளில் அவருடைய முகவரி 'பினாங்கு' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுகிறது.

1819: காலி மனையில் முதல் ஆள்

ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைத்தது 1819 ஜனவரி கடைசியில். பிப்ரவரி 6-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்போதே அவர் கூட இந்தியச் சிப்பாய்களும் எடுபிடி ஆட்களும் வந்திருந்தார்கள். அதே வருஷம் மே மாதக் கடைசியில் ராஃபிள்ஸ் இரண்டாவது தடவை 'இந்தியானா' என்ற கப்பலில் வந்தார். அந்தக் கப்பலில் வந்து இறங்கியவர் நாராயண பிள்ளை.

அப்போது அங்கே என்ன இருந்தது? ஆற்று முகத்துவாரம், சதுப்பு, கொஞ்சம் மலாய்க் குடியிருப்பு, ஓலைக் கொட்டகைகள், ஒரு கொடிக்கம்பம். அவ்வளவுதான். ஒரே ஒரு சங்கதி மட்டும் புதுசு: சுங்கவரி கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்தச் சரக்கையும் கொண்டுவந்து இறக்கலாம். மற்ற துறைமுகங்களில் வரி கட்டிக் கட்டி நொந்துபோன வியாபாரிகளுக்கு இந்த ஒரு சேதி போதுமானதாக இருந்தது.

முதலில் அவருக்குக் கிடைத்தது கஜானாவில் தலைமை எழுத்தர் வேலை. நாணயங்களைச் சோதித்துப் பார்ப்பது அதில் முக்கியமான பகுதி. கேட்கச் சின்ன வேலை மாதிரி இருக்கும். ஆனால் அன்றைய தென்கிழக்காசியச் சந்தையில் புழங்கியது ஸ்பானிய வெள்ளி டாலர். கூடவே ஊருக்கு ஊர் வேறு வேறு காசு. ஓரம் சுரண்டியது, கலப்படம் செய்தது, முழுப் போலி என்று எல்லாம் கலந்து வரும். எது நல்ல காசு என்று சொல்பவர் வாயைப் பார்த்துத்தான் மொத்தச் சந்தையும் நிற்கும். நம்ம ஊர் பாஷையில் சராப். அப்படி ஒரு ஆளை வெள்ளைக்காரன் உட்கார வைக்கிறான் என்றால், அந்த ஆளின் கையையும் கண்ணையும் நம்புகிறான் என்று அர்த்தம்.

அந்த வேலை அவருக்கு நீடிக்கவில்லை. நாமாக இருந்தால் ரெஸ்யூமே தூசி தட்டியிருப்போம். அவர் சுற்றிப் பார்த்தார்.

ஒரு கடிதம், ஒரு சூளை

சுற்றிப் பார்த்ததில் அவருக்குத் தெரிந்தது இது: ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், தங்குவதற்கு வீடு இல்லை. இருப்பதெல்லாம் ஓலையும் மரமும். கிடங்கு வேண்டும், கடை வேண்டும், கச்சேரி வேண்டும். கட்டுவதற்குச் செங்கல் கிடையாது, கொத்தனாரும் கிடையாது.

உடனே பினாங்கில் இருக்கும் தன் ஆட்களுக்குக் கடிதம் எழுதினார். கொத்தனார்கள், தச்சர்கள், துணி வியாபாரிகள், யாராக இருந்தாலும் புறப்பட்டு வாங்க, இங்கே பிழைப்பு இருக்கு என்று. தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். சிங்கப்பூரின் முதல் செங்கல் சூளை என்று அதைத்தான் சொல்கிறார்கள். முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் என்ற பெயரும் அவருக்கு உண்டு.

நான் இந்த இடத்தில் சூளையை விட அந்தக் கடிதத்தைத்தான் பெரிய முதலீடாகப் பார்க்கிறேன். யோசிச்சுப் பாருங்க. பினாங்கு அப்போது முப்பது வருஷம் பழகிய ஊர். வேலை இருந்தது, கோயில் பள்ளிவாசல் இருந்தது, சொந்தபந்தம் இருந்தது. அதை விட்டுவிட்டு, பெயர் கூடச் சரியாகத் தெரியாத ஒரு சதுப்பு நிலத்துக்கு ஒருத்தர் வருகிறார் என்றால் எதை நம்பி வருகிறார்? கம்பெனியையா? ராஃபிள்ஸையா? கிடையாது. "பிள்ளைவாள் எழுதியிருக்காரு, சரியாத்தான் இருக்கும்" என்று நம்பித்தான். ஒருவருடைய வார்த்தைக்கு அந்த எடை இருந்தது. செங்கல்லுக்கு முன்னால் அவர் சுட்டு அடுக்கியது அந்த நம்பிக்கையை.

துணியும் கடனும்

அடுத்தது கிராஸ் ஸ்ட்ரீட்டில் துணிக்கடை. பருத்தித் துணி வியாபாரம். சீக்கிரமே ஊரிலேயே பெரிய துணி அங்காடி அவருடையதுதான் என்று ஆகிவிட்டது.

இந்த வியாபாரம் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் வரும் அடி எவ்வளவு பெரியது என்று புரியும். ஐரோப்பிய வியாபார நிறுவனங்கள் கப்பல் கப்பலாகச் சரக்கைக் கொண்டுவந்து இறக்கும். அவர்களுக்கு உள்ளூர் பாஷை தெரியாது. எந்தத் தீவில் எந்த நிறம் விலைபோகும் என்றும் தெரியாது. அதனால் சரக்கை ஆசிய வியாபாரிகளிடம் கடனுக்குக் கொடுப்பார்கள். அவர்கள் அதைச் சில்லறை வியாபாரிகளுக்கும், பருவக்காற்றில் வந்து போகும் பூகிஸ் படகுக்காரர்களுக்கும் விற்பார்கள். பல சமயம் அதுவும் கடனுக்குத்தான். விற்ற பணம் திரும்பி வந்த பிறகு வெள்ளைக்காரனுக்குக் கடன் அடையும்.

அதாவது கடையில் மலை மாதிரி துணி குவிந்திருந்தாலும், அதில் பெரும்பகுதி கடைக்காரருக்குச் சொந்தமில்லை. அது அவருடைய வாக்குக்கு ஈடாக வந்த சரக்கு. கடையின் உண்மையான முதல் அவர் நாணயம் (காசு இல்லைங்க, இன்னொரு அர்த்தம்). தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது சும்மா இல்லை. காசைச் சோதித்தவர், இப்போது தானே சோதனைக்கு நிற்கும் காசாக ஆகிவிட்டார்.

1822: தீ

1822-ல் தீப்பிடித்து அவருடைய துணிக்கடை எரிந்துபோனது. கடனுக்கு எடுத்த சரக்கு சாம்பல், கடன் மட்டும் அப்படியே. செங்கல் எரியாது, துணி எரியும். அவர் கையில் இருந்த தொழில்களில் எரிந்தது கடனில் நின்ற தொழில். சாஃப்ட்வேர்காரன் மூளைக்கு இது பேக்கப் இல்லாத சர்வர் மாதிரி தெரியும். அந்தக் காலத்தில் அந்த ஊரில் ஒரு துணிக்கடைக்காரருக்கு பேக்கப் என்று ஏதாவது உண்டு என்றால், அது கடன் கொடுத்தவனின் பொறுமை ஒன்றுதான்.

ஊரை விட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியிருக்கலாம். துறைமுகத்தில் படகுக்குப் பஞ்சமில்லை. கடன்பட்ட வியாபாரிகள் அப்படிக் காணாமல் போவது அந்தக் கரைகளில் அதிசயமும் இல்லை. அவர் போகவில்லை. 1822 அக்டோபரில் ராஃபிள்ஸ் மூன்றாவது தடவையாக, கடைசித் தடவையாக, சிங்கப்பூருக்கு வந்தார். நாராயண பிள்ளை அவரிடம் போய் நடந்ததைச் சொல்லி உதவி கேட்டார். ராஃபிள்ஸ் அவருக்குக் கமர்ஷியல் ஸ்கொயரில் இடம் கொடுத்தார்.

கமர்ஷியல் ஸ்கொயர் என்பது அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த புது வியாபார மையம். அந்த இடத்தில் இருந்த ஒரு குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு ஆற்றின் தென்கரைச் சதுப்பைத் தூர்த்தார்கள். குன்று இருந்த இடம் சதுக்கம் ஆனது. 1858-ல் அதற்கு ராஃபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் மாற்றினார்கள். ஆமாங்க, இன்றைக்கு வானத்தைத் தொடும் வங்கிக் கட்டடங்களுக்கு நடுவில், நம்ம ஐ.டி. பசங்க கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு அலைகிற அதே ராஃபிள்ஸ் பிளேஸ்தான். அங்கே கடை போட்டு, மறுபடி எழுந்தார் பிள்ளை.

இதைப் படித்துவிட்டு "ராஃபிள்ஸ் எவ்வளவு நல்லவர் பாருங்க" என்று யாராவது கிளம்பினால், கொஞ்சம் பொறுங்க. ராஃபிள்ஸுக்கு அப்போது ஒரு ஊரை எழுப்ப வேண்டியிருந்தது. கடிதம் போட்டால் ஆட்களைக் கூட்டிவரக்கூடிய ஒருவர் திவாலாகி நின்றால் நஷ்டம் பிள்ளைக்கு மட்டும் இல்லை, ஊருக்கும்தான். கொடுத்தவருக்கும் லாபம் இருந்தது.

ஒரே தெருவில் கோயிலும் பள்ளிவாசலும்

பிள்ளை இந்திய மக்களின் தலைவராக நியமிக்கப்பட்டு, அவர்களுக்குள் வரும் வழக்குகளைத் தீர்த்து வைக்கும் பொறுப்பும் பெற்றார். 1824 ஜனவரியில் எடுத்த கணக்கெடுப்பில் சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை 10,683. மலாய்க்காரர்கள் 4,580, சீனர்கள் 3,317, பூகிஸ் மக்கள் 1,925. இந்தியர்கள் 756 பேர். ஐரோப்பியர்கள் எத்தனை தெரியுமா? 74.

அந்த எழுநூற்றுச் சொச்சம் பேரில் இருந்த இந்துக்களுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று இடம் தேடினார் பிள்ளை. முதலில் காட்டிய இடம் தெலுக் ஆயர். பூசைக்கும் அபிஷேகத்துக்கும் பக்கத்தில் நல்ல தண்ணீர் இல்லை. 1821-ல் இன்றைய ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் பக்கம் ஒரு இடம். தண்ணீர் இருந்தது, ஆனால் நகரத் திட்டத்தில் அந்த இடம் வேறு காரியத்துக்குப் போனது. கடைசியில் 1823-ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இடம் அமைந்தது. 1827-ல் மரமும் அத்தாப்பு ஓலையுமாக ஒரு சின்னக் கோயில் எழும்பியது. அதுதான் ஸ்ரீ மாரியம்மன் கோயில், சிங்கப்பூரின் மிகப் பழமையான இந்துக் கோயில். 1843-ல் செங்கல் கட்டடமாக மாறியது. 1973-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். சைனாடவுன் நடுவில் இருக்கும் பகோடா ஸ்ட்ரீட், டெம்பிள் ஸ்ட்ரீட் என்ற பெயர்கள் இந்தக் கோயிலால் வந்தவை.

எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. அதே சவுத் பிரிட்ஜ் ரோட்டில், கோயிலில் இருந்து நாலு எட்டு நடந்தால் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். 1826-ல் அன்சர் சாயிபு தலைமையில் சூலியா முஸ்லிம்கள் ஆரம்பித்தது; இன்றுள்ள கட்டடம் 1830-களில் எழுந்தது. கொஞ்சம் தள்ளி தெலுக் ஆயரில் 1827-ல் வந்த அல் அப்ரார் பள்ளி, அதற்குப் பக்கத்திலேயே 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா. நான்கு வருஷத்துக்குள், சில நிமிஷ நடை தூரத்துக்குள், இத்தனையும். கரையேறிய தமிழர்கள் மூச்சு விட்டதுமே செய்த வேலை, இங்கேயே இருக்கப் போகிறோம் என்று மண்ணில் எழுதி வைத்தது.

தீப்பிடித்த மற்றவர்கள்

இங்கேதான் எனக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருக்கு. தீயும் கடனும் நாராயண பிள்ளைக்கு மட்டும் வந்தவையா? ஓலைக் கூரை ஊரில் எத்தனை கடைகள் எரிந்திருக்கும், எத்தனை கப்பல் கவிழ்ந்திருக்கும். ராஃபிள்ஸின் வாசல்படி ஏறிப் பேசுகிற அளவுக்குப் பழக்கம் இல்லாத சபராளிகளின் கதி என்ன? அவர்களுக்குச் சதுக்கத்தில் இடம் கொடுக்க யாரும் இல்லை. அவர்கள் பெயரும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கு. 1825-ல் பெங்கூலனில் இருந்து இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். 1873 வரை கைதிகளின் உழைப்பு அங்கே தொடர்ந்தது. சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். ஒரே கடலைக் கடந்து வந்தவர்களில் ஒருவருக்கு மனை கிடைத்தது, இன்னொருவர் காலில் சங்கிலி. அதனால், "தமிழன் முதலாளியா போனான், கூலியா போகலை" என்று மார்தட்ட இந்தக் கதையைப் பயன்படுத்தினால், அதுவும் முதலில் சொன்ன வாக்கியம் மாதிரியே அரைகுறைதான். முதலாளியும் போனார், கணக்குப்பிள்ளையும் போனார், கொத்தனாரும் போனார், கைதியும் போனார். அவர்கள் எல்லோரையும் ஒரே சொல்லில் அடைப்பதுதான் தப்பு.

என் வாப்பாவின் வாப்பா கொழும்பில் துணி வியாபாரம் செய்தவர். ஒரு கட்டத்தில் வியாபாரம் நொடித்து ஊருக்கு வந்துவிட்டார். தீ எதுவும் இல்லை. கொடுத்த கடன் வரவில்லை, வாங்கிய கடன் வாசலில் நின்றது. ஊருக்கு வந்து இருந்த நிலத்தை விற்று, ஒவ்வொருவருக்காகப் பல வருஷம் கொடுத்து முடித்தாராம். அவர் விட்டுப்போனது எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் ஒரு கணக்கு நோட்டு. பெயர், தொகை, ஒவ்வொரு வரியிலும் குறுக்கே ஒரு கோடு. கோயிலோ பள்ளியோ கட்டவில்லை, யாரையும் கப்பலேற்றவில்லை. ஆனால் எல்லா வரியும் அடிக்கப்பட்டிருக்கு. நாராயண பிள்ளையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வரும். கடல் கடந்த வியாபாரியைக் கொல்வது தீ இல்லை, தவணைத் தேதி. தேதி தாண்டியும் ஓடாமல் நிற்பவன்தான் வியாபாரி.

2019-ல் சிங்கப்பூரின் இருநூறாவது ஆண்டை ஒட்டி, ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு சிலைகளைச் சில காலம் நிறுத்தினார்கள். சங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, மலாக்காவில் இருந்து வந்து காய்கறி விற்று, பின்னால் ஆஸ்பத்திரி கட்டக் காசு கொடுத்த தான் டோக் செங், நாலாவதாக நம்ம நாராயண பிள்ளை. போட்டோ என்ற சங்கதியே உலகத்துக்கு அறிமுகமானது 1839-ல். ஆக, சிலையில் இருந்த முகம் கலைஞரின் கைவண்ணம் என்று வைத்துக்கொள்வோம். பரவாயில்லை. இருநூறு வருஷம் கழித்து ராஃபிள்ஸோடு சம உயரத்தில் நிற்பதற்கு, கடன்காரனாக ஒரு நாள் அவர் முன்னால் போய் நின்ற மனுஷனுக்கு முழு உரிமை உண்டு.

அடுத்த தடவை சிங்கப்பூர் போனால் முஸ்தபாவில் செயின் வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளாமல் (வாங்குங்க, வேண்டாம்னு சொல்லலை), சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஒரு நடை நடந்து பாருங்க. கோயில் கோபுரத்தையும் பள்ளிவாசல் மினாரையும் சேர்த்து ஒரே பார்வையில் பார்க்கலாம். உங்கள் வீட்டுப் பரணில் யாருடைய கணக்கு நோட்டாவது கிடந்தால், கரையான் படிப்பதற்கு முன்னால் நீங்க படிச்சிடுங்க. படிச்சிட்டு எழுதவும் செய்யுங்க. ராஃபிள்ஸ் கண்ணில் படாத சபராளிகளைப் பற்றி நாம்தான் எழுதணும்.